ஏரி வைத்திருந்தது

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு காசிநாதன் டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மறுபடி தண்ணீரில் இறங்கலாமா?

"புண்ணு நல்லா ஆறட்டும். அப்புறம் தாராளமா இறங்குங்க. தண்ணியில காலை ஆட்டறது மூட்டுக்கு நல்லது" என்றார் டாக்டர். அவர் நீச்சல் குளத்தை நினைத்துச் சொன்னார். காசிநாதன் ஏரியை நினைத்துக் கேட்டார். இருவரும் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

காசிநாதன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் நடுவே நின்றபடியே போய் வந்த உடம்பு. முதலில் தேய்ந்தது வலது முழங்கால். முசரவாக்கத்தில் அவருக்கும் மனைவி அம்சாவுக்கும் சின்ன வீடு. வேலையில் இருந்த காலத்திலேயே ஓய்வு நாள் வந்தால் அவர் ஏரியில்தான் இருப்பார். காற்றடித்த லாரி டியூப், அதன் நடுவில் கட்டில் போலப் பின்னிய நைலான் கயிறு. அதில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பழைய பிளாஸ்டிக் தட்டுகளால் துழாவிக்கொண்டு போய், ஆழத்தில் தூண்டில் போடுவார். முழங்கால் கெட்ட பிறகு கரையிலிருந்து இறங்கவே முடியாமல் போயிற்று. அறுவை சிகிச்சைக்கு அவர் சம்மதித்ததற்கே அதுதான் காரணம் என்று அம்சா சொல்லுவாள்.

தை மாதத்தில் ஏரி நிறைந்து கிடந்தது. நடை தேறி, படி ஏறி இறங்கப் பழகி, தையல் போட்ட இடம் வெறும் கோடாகிவிட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு வெளிப்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. கிள்ளினாலும் தெரியாது. சில பேருக்கு அப்படியே இருந்துவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

அவர் தூண்டிலை எடுத்ததும் அம்சா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"மீன் பிடிக்கணும்னா ஏனாத்தூர் பக்கம் போயேன் மாமா."

"இங்க வாசல்ல ஏரிய வெச்சிக்கினு ஏனாத்தூருக்கு எதுக்குப் போவணும்?"

"சும்மாதான் சொன்னேன்" என்றாள். ஆனால் அவர் தெரு முனை திரும்பும்வரை அவள் வாசலைவிட்டு நகரவில்லை.

மெயின் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ராமராஜன்தான் அவருக்கு எப்போதும் கூட்டாளி. வயதில் இளையவன். இரண்டு டியூப்களையும் அவனே காற்றடித்து வைத்திருந்தான். மதகுப் படியில் காசிநாதனைக் கைத்தாங்கலாக இறக்கி டியூபில் உட்கார வைத்தான்.

உட்கார்ந்ததும் காசிநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதமாக அந்தக் காலை அவர் ஒரு மூட்டையைப் போல இழுத்துக்கொண்டு திரிந்தார். தண்ணீர் அதை வாங்கிக்கொண்டது. கனமே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் மரத்த இடத்தில் ஏதோ பட்டது.

முதலில் அவர் சந்தோஷப்பட்டார். உணர்ச்சி திரும்பிவிட்டது என்று நினைத்தார். மீன்குஞ்சுகள் கொத்துகிற மாதிரி இருந்தது. காலைத் தூக்கி வெளியே எடுத்துக் கிள்ளிப் பார்த்தார். தெரியவில்லை. மறுபடி தண்ணீரில் விட்டார். தெரிந்தது. இடது காலில் எதுவும் கொத்தவில்லை.

"ண்ணா, எங்க போற?" ராமராஜன் பின்னாலிருந்து கத்தினான். "காத்து கரைப் பக்கம் அடிக்குது. நீ எதிர்ல போய்க்கினு இருக்குற."

காசிநாதன் தட்டுகளைப் பார்த்தார். இரண்டும் அவர் மடியில் கிடந்தன. அவர் துழாவவே இல்லை. வலது கால் தண்ணீருக்குள் தானாக மடங்கி, நீண்டு, மடங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண் எவ்வளவு வற்புறுத்தியும் மடங்காத அளவுக்கு அது மடங்கியது. வலியும் இல்லை.

ஏரியின் நடுவே ஒரு பகுதியில் கருவேல மரங்கள் பாதி மூழ்கி நிற்கும். மற்ற மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தன. டியூப் போய் நின்ற இடத்துக்கு மேலே இருந்த மரங்களில் ஒரு பறவைகூட இல்லை. அங்கே தூண்டிலைப் போட்டார். போட்டதும் இழுத்தது. ஜிலேபிக் கெண்டை, கெளுத்தி, மறுபடி ஜிலேபி. புழு தீர்ந்த பிறகு வெறும் முள்ளைப் போட்டார். அதற்கும் மாட்டியது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்த ராமராஜனுக்கு ஒன்றும் விழவில்லை.

பை நிறைய மீனோடு அவர் வீட்டுக்குப் போனார். அம்சா பையைத் திறந்து பார்த்தாள். பிறகு மூடி வெளியே வைத்துவிட்டாள்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல. நான் இத ஆய மாட்டேன்."

"நான் ஆஞ்சிக்கிறேன்."

அவரே ஆய்ந்து, மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்சா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருந்தாள். ருசியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எப்போதும் நாலு துண்டு கேட்கிறவர், ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்த மாதிரி இருந்தது.

மறுநாள் வேண்டாம் என்றுதான் நினைத்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கால் நமநமத்தது. போனார்.

இந்த முறை டியூப் நேராக அந்த இடத்துக்குப் போயிற்று. வெயில் சுள்ளென்று அடித்தது. அலையே இல்லை. தண்ணீர் எண்ணெய் ஊற்றினாற்போலக் கிடந்தது. காசிநாதன் தூண்டிலை எடுப்பதற்கு முன்னால், முழங்காலின் பின்குழியில் ஒரு கை வந்து தாங்கியது.

கை என்றுதான் பிறகும் சொன்னார். இழுக்கவில்லை. அமுக்கவில்லை. குழந்தைக்குச் சட்டை போடும்போது முழங்கையைப் பிடிப்போமே, அப்படிப் பிடித்துக்கொண்டது. பிறகு முன்பக்கத்திலிருந்து, தையல் கோட்டின் மேல், வேறு ஏதோ வந்து அழுத்தியது. கெட்டியாக இருந்தது. பொறுமையாக ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, கொஞ்சம் திருப்பி, மறுபடி அழுத்தியது. பொருந்தாத மூடியை டப்பாவில் போட்டுப் பார்க்கிற மாதிரி.

"ராமராஜா" என்றார். சத்தம் வரவில்லை. தட்டால் தண்ணீரை அடித்தார்.

ராமராஜன் வந்து இரண்டு டியூப்களையும் கயிற்றால் பிணைத்துத் துழாவினான். கயிறு விறைத்தது. டியூப் அசையவில்லை. கருவேல வேரில் கால் சிக்கியிருக்கும் என்று நினைத்துக் குனிந்து பார்த்தான். தெளிந்த தண்ணீர். வேர் எதுவும் இல்லை. காசிநாதனின் வலது காலைச் சுற்றி மீன்கள் நின்றன. பெரிசும் சிறிசுமாக, வட்டமாக, எல்லாத் தலையும் முழங்காலைப் பார்த்தபடி. செவுள்கூட ஆடவில்லை. நடு வட்டத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தன.

அவன் அதை அப்போது சொல்லவில்லை. "ண்ணா, கால ஒதறு" என்று மட்டும் சொன்னான். ஆனால் காலை உதறுவதற்கு முன்பே பிடி தளர்ந்தது. விடுவதற்கு மனசில்லாமல் விட்ட மாதிரி இருந்தது என்றார் காசிநாதன். கரைக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் ராமராஜன் பார்த்ததைச் சொன்னான்.

"இனிமே இங்க வராதண்ணா. நானும் வர்ல."

வீட்டில் அம்சா அவர் முகத்தைப் பார்த்ததுமே விளக்கமாற்றைக் கீழே போட்டாள். அவர் நடந்ததை எல்லாம் சொன்னார். மூடியைப் பொருத்திப் பார்க்கிற மாதிரி என்று அவர் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா, ஒன்னு சொல்றேன். கோவப்படாத."

"சொல்லு."

"ஆப்பரேசன் அன்னிக்கி, வெட்டின எலும்ப இன்னா பண்ணுவாங்கன்னு அங்க பெருக்கற பொம்பளயக் கேட்டேன். மஞ்ச கவர்ல போட்டு வண்டியில ஏத்திடுவாங்க, எரிச்சிடுவாங்கன்னா. உசிரோட இருக்குற மனுசனோட எலும்ப எரிக்கறதா? கெஞ்சி வாங்கிக்கினேன். மூணு துண்டு. ரெண்டு சீவல், ஒன்னு தட்டையா, முந்திரிப் பருப்பாட்டம் வளைஞ்சிருந்துச்சி."

"வாங்கி?"

"சுடுகாட்டுல பொதைக்கலாம்னா, நீ உசிரோட இருக்கும்போது ஒன்னோடது அங்க போவலாமா? நீயானா ஜுரத்துல பொலம்பிக்கினு இருந்த. ஏரி, ஏரின்னே பொலம்பின. அப்பதான் தோணுச்சி. சின்ன காஞ்சிபுரத்துல பெருமாளையே தண்ணிக்குள்ளதான வெச்சிருக்காங்க? நாப்பது வருசம் கழிச்சி எடுத்தாலும் அப்பிடியே இருக்காரே. தண்ணின்னா பத்திரமா இருக்கும்னு மதகுல நின்னு போட்டுட்டேன்."

அந்தப் பெருமாளை வெளியே எடுத்தபோது வந்த கூட்டத்துக்கு ராத்திரியும் பகலுமாக ஸ்பெஷல் பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவர் காசிநாதன்.

"போடும்போது எதுனா சொன்னியா?"

அம்சா தலையைக் குனிந்தாள். "'இது அவரோடது. அவரு வருவாரு. அது வரைக்கும் வெச்சிரு'ன்னு சொன்னேன்."

காசிநாதனுக்குப் புரிந்துவிட்டது. அது அவரைப் பிடித்து வைக்கப் பார்க்கவில்லை. வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்கப் பார்க்கிறது. எடுத்த இடத்திலேயே வைக்கப் பார்க்கிறது. அங்கே இப்போது இரும்பு இருப்பது அதற்குத் தெரியவில்லை.

"போவாம இருந்துட்டா?" என்றாள் அம்சா.

காசிநாதன் காலைக் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய வலது கால் மெல்ல மடங்கி, நீண்டுகொண்டிருந்தது.

மறுநாள் காலை வெயில் ஏறியதும் இருவரும் மதகுக்குப் போனார்கள். அம்சா டியூபில் உட்கார்ந்ததே இல்லை. நீச்சலும் தெரியாது. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்தாள். ராமராஜன் வர மறுத்தான். ஆனால் இரண்டு டியூப்களையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டு, நீளமான ஒரு கயிற்றின் முனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு படியிலேயே நின்றான்.

"கத்துனா இழுத்துடுவேன்" என்றான்.

யாரும் துழாவவில்லை. டியூப்கள் தாமாகப் போயின. கருவேலங்களுக்கு நடுவே போய் நின்றதும் காசிநாதன் பல்லைக் கடித்தார்.

"வந்துடுச்சி."

அம்சா எட்டிப் பார்த்தாள். அவளுக்கு மீன்கள்தான் தெரிந்தன, ராமராஜன் சொன்ன மாதிரியே. தையல் கோட்டின் மேல் ஏதோ அழுந்துவதும் தோல் குழிவதும் தெரிந்தன. அழுத்துவது எது என்று தெரியவில்லை.

"அவருக்கு வேற வெச்சிட்டாங்க" என்றாள் அவள், தண்ணீரைப் பார்த்து. "அங்க எடம் இல்ல. நான்தான குடுத்தேன்? என் கையில குடு."

முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, உள்ளங்கையை விரித்து, அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மேல் தண்ணீர் சில்லென்று இருந்தது. கை வைத்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியே ஒன்றும் நடக்காமல் ரொம்ப நேரம் போயிற்று. பிறகு உள்ளங்கையில் ஏதோ வந்து உட்கார்ந்தது. கோயிலில் விபூதியை விரல் படாமல் மேலேயிருந்து போடுவார்களே, அப்படி இல்லை. வைத்து, அழுத்தி, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தாள். ஒரு சீவல். பாசி இல்லை, சேறு இல்லை. கழுவி வைத்த மாதிரி வெள்ளையாக இருந்தது. மடியில் முடிந்துகொண்டு மறுபடி கையை விட்டாள். இன்னொரு சீவல். மூன்றாவதாக அந்தத் தட்டையான துண்டு வந்தது. அது அவள் கைக்கு வந்ததும் காசிநாதன் நீளமாக மூச்சு விட்டார்.

"விட்டுடுச்சி அம்சா. கால விட்டுடுச்சி."

அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"மாமா" என்றாள் மெதுவாக. "இன்னும் குடுக்குது."

"இன்னா?"

"சின்னதா இருக்குது. முருங்கக்கா நுனியாட்டம். கனமே இல்ல."

"நீ போட்டது மூணுதான?"

"மூணுதான்."

"எடுக்காத. அது நம்மளுது இல்ல."

அம்சா தண்ணீருக்குள்ளேயே கையை விரித்தாள். அது நழுவிப் போனது. அடுத்த நொடி மறுபடி உள்ளங்கையில் இருந்தது. மறுபடி விட்டாள். மறுபடி வந்தது. இம்முறை விரல்களை மூடிய பிடி கொஞ்சம் இறுகியிருந்தது. காசிநாதன் கயிற்றை ஆட்டி ராமராஜனைக் கூப்பிடப் போனார். அம்சா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"இது எங்களுது இல்ல" என்றாள். குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னாள். "யாரோடதோ, அவங்கள நான் கேக்கறேன். வருவாங்க. அது வரைக்கும் வெச்சிரு."

மூடியிருந்த பிடி தளர்ந்து, உள்ளங்கை காலியானது. மீன்கள் ஒன்றொன்றாகத் திரும்பி, ஆழத்தில் மறைந்தன. டியூப்கள் காற்றின் போக்கில் கரையை நோக்கி நகர ஆரம்பித்தன.

வீட்டுக்கு வந்து மூன்று துண்டுகளையும் பின்பக்கச் சுவர் ஓரமாக அம்சாவே தோண்டிப் புதைத்தாள். காசிநாதனால் குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. நின்றபடி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கே கால் அடங்கிவிட்டது. தானாக மடங்குவதும் இல்லை, நமநமப்பதும் இல்லை. ஒரு மாமூலான கால்.

ஆனால் அம்சா கொடுத்த வாக்கு இருந்தது. அவளுக்குத் தூக்கம் கெட்டது. வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது உள்ளங்கையில் அந்தச் சின்னத் துண்டின் அளவு தெரிகிறது என்றாள். நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரையில் முள் வெட்ட வந்த பெண்களிடம் ஒருநாள் போய் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள். சிலர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். கிருஷ்ணவேணி என்று ஒருத்தி மட்டும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். நாற்பதைத் தாண்டியவள். இரண்டு பெரிய பிள்ளைகளுக்குத் தாய்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, எவ்ளோ சின்னது?"

அம்சா தன் சுண்டு விரலைக் காட்டினாள்.

"எனக்கு மொதல்ல ஒன்னு பொறந்துச்சி. அழவே இல்ல. எங்க மாமியா ஒரு பழைய புடவையில சுத்தி எடுத்துக்கினு கரைப் பக்கம் போச்சி. திரும்பி வந்து, நல்லபடியா பண்ணிட்டேன், எங்கன்னு கேக்காதன்னுச்சி. நானும் கேக்கல. எங்க மாமியாவும் செத்துப்போச்சி." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "மொகங்கூட நான் பாக்கலக்கா."

அம்சா காசிநாதனைப் பார்த்தாள். இனி அந்த ஏரிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவர் சொல்லியிருந்தார். அவர் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, டியூப்களை வாங்கிவர ராமராஜனின் கடைக்கு நடந்தார்.

வெளிச்சம் இருந்தபோதே அவரும் இரண்டு பெண்களும் மதகுக்கு வந்துவிட்டார்கள். கிருஷ்ணவேணியை ஒரு டியூபில் உட்காரவைத்து, அதைக் கயிற்றால் தன் இடுப்போடு பிணைத்துக்கொண்டு காசிநாதன் இறங்கினார். இந்த முறை கால் எங்கும் கூட்டிப் போகவில்லை. அது வெறுமனே தொங்கியது. அவர்தான் தட்டுகளால் துழாவ வேண்டியிருந்தது. காற்றும் எதிர்க்காற்று. தோள் கடுத்தது. பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"இந்த எடந்தாண்ணா?" என்றாள் அவள், கருவேலங்கள் வந்ததும்.

"இங்கதாம்மா. கைய விரிச்சி வை. பயப்படாத. அது நெருக்கி மூடும். இழுத்துக்காத."

அவள் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மறு கையால் டியூபைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று அவருக்குக் கேட்கவில்லை. உதடு அசைந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மரத்தில் ஒரு பறவை இல்லை. கரையில் அம்சா சின்னதாகத் தெரிந்தாள்.

தோளில் வெயில் சூடு குறைந்த பிறகுதான் கிருஷ்ணவேணி நிமிர்ந்தாள். மூடிய கையை மார்போடு அணைத்திருந்தாள். கையில் என்ன என்று அவர் கேட்கவில்லை, அவளும் திறந்து காட்டவில்லை.

"போலாண்ணா" என்றாள்.

அவர் டியூப்களைத் திருப்பினார். காற்று இப்போது முதுகில் அடித்தது. சுலபமாக வந்துவிடலாம் என்று நினைத்தார். ஆனால் கிருஷ்ணவேணியின் டியூப் வந்தபோது இருந்ததைவிடத் தண்ணீரில் நன்றாகத் தாழ்ந்திருந்தது. கயிறு அவருடைய இடுப்பை வெட்டியது. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கும்போது கைக்குழந்தைக்காரிக்காக டிரைவருக்கு மெதுவாக விசில் கொடுப்பாரே, அதே நிதானத்தோடு, தண்ணீர் தெறிக்காமல், தட்டுகளைப் போட்டுத் துழாவினார்.

படியில் அம்சா முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றிருந்தாள். ஒரு காய்ந்த துண்டை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தாள்.